அக்கரைச் சிட்டிகை

முன்னொரு காலத்தில், வரைபடத்தில் எவ்வளவு துழாவினாலும் அகப்படாத ஒரு நாட்டில், சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். பெயர் கோடைமாறர். ஆற்றுக்கு அக்கரை நாட்டில் வெல்லம் கொள்ளை மலிவு என்று யாரோ காதில் போட்டு விட்டார்கள். போதாதா? மனுஷருக்குத் தூக்கம் போயிற்று.

“சுங்கத்தை எடுத்து விட்டு ஆற்றங்கரைச் சாவடியைத் திறந்து விடலாம், மகாராஜா,” என்றார் பிரதான மந்திரி நெடுமொழியார். அப்படியே ஒப்பந்தமும் ஆயிற்று. ‘மலிவாக எது வந்தாலும் இரு கரையிலும் எவரும் தடுக்கலாகாது’ என்று முரசு அறைந்தார்கள். வெல்லம் படகு படகாக வந்தது. ஊரே தித்தித்தது. விகடகவி மாசாத்தனின் மனைவிகூட அதைத்தான் வாங்கினாள். பொய் சொல்வானேன், நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஆனால் வெல்லம் காய்ச்சுகிற ஆலைத்தெருவில் அடுப்புகள் அணைந்து போயின. அந்தத் தெருவையே இடித்து அக்கரை வெல்லத்துக்குக் கிடங்கு கட்டலாம் என்று நெடுமொழியார் வேறு யோசனை சொல்லியிருந்தார். பதறிப்போய் அந்தத் தெருக்காரி வேம்பாயி சபைக்கு ஓடி வந்தாள்.

“சாமி, கொப்பரை காஞ்சு கெடக்கு. புள்ளைங்க வயித்துக்கு என்னத்தப் போடுவோம்? இப்ப வீட்டையும் இடிச்சா எங்க போவோம்?”

“மலிவாகச் செய்பவன் செய்யட்டும், அம்மா. நீங்கள் வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள்,” என்றார் நெடுமொழியார். சபை முழுக்க “ஆஹா” என்றது.

அந்தச் சமயம் பார்த்து ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. அந்த நாட்டில் ராஜா கொட்டாவி விட்டால், திறந்த வாய்க்குள் பேய் பிசாசு நுழையாமல் இருக்க மந்திரிகள் விரலைச் சொடுக்கிச் சிட்டிகை போட வேண்டும். தும்மினால் “நூறு வயது” என்று வாழ்த்த வேண்டும். மற்றபடி அவர்களுக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு கிராமம் மானியம் உண்டு, அது மட்டும் தெரியும்.

சிட்டிகை ஓய்ந்ததும் மாசாத்தன் களுக்கென்று சிரித்து விட்டான்.

“என்ன சிரிப்பு?” என்றார் ராஜா.

“இந்தச் சபையில் ஒருவருக்காவது இந்த ஒப்பந்தம் சுட்டிருந்தால் ‘ஆஹா’ கொஞ்சம் மெதுவாக வந்திருக்கும், மகாராஜா.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “அப்படியா? இந்த ஒப்பந்தத்தால் அழுகிற ஒருவரை இதே சபையில் நாளைக்கு எனக்குக் காட்டு. காட்டினால் ஆலைத்தெரு பிழைக்கும். இல்லாவிட்டால் தெருவும் போகும், நீயும் ஊரை விட்டுப் போக வேண்டும்.”

“அக்கரைக்கே அனுப்பி விடலாம், மகாராஜா. சுங்கம்கூடக் கிடையாது,” என்றார் நெடுமொழியார். மாசாத்தன்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

அன்று சாயங்காலமே மாசாத்தன் படகேறினான்.

மறுநாள் சபை கூடியது. ராஜா கொட்டாவிக்கு வாயைத் திறந்ததுதான் தாமதம், வாசல் பக்கமிருந்து படபடவென்று சிட்டிகை பொரிந்தது. பார்த்தால் தலைப்பாகை கட்டிய ஆறேழு புது ஆட்கள். ராஜாவுக்கு ஒரே குஷி. வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டுப் பார்த்தார். தும்மல் முடியுமுன்னே “நூறு வயது” வந்து விட்டது. வழக்கமான பழைய வேடிக்கைக் கதையை எடுத்தார். பாதியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“யாரப்பா இவர்கள்?”

“அக்கரைச் சரக்கு, மகாராஜா,” என்றான் மாசாத்தன். “கிராமம் வேண்டாம், மானியம் வேண்டாம். இரண்டு வேளைச் சோறு போதுமாம். மலிவாக எது வந்தாலும் தடுக்கக் கூடாதே.”

ராஜா தாடியைத் தடவி யோசிக்க ஆரம்பித்தார். நெடுமொழியார் ஓடி வந்து சிம்மாசனத்தின் கீழே உட்கார்ந்து விட்டார்.

“மகாராஜா, இது அடுக்குமா? பரம்பரை பரம்பரையாகச் சிட்டிகை போட்ட விரல்கள் இவை. அயலானைக் கொண்டுவந்து எங்கள் வயிற்றில் அடிக்கலாமா? சாவடியை இன்றே மூட உத்தரவிடுங்கள்.” சொல்லும்போதே பொலபொலவென்று அழுது விட்டார். மற்ற மந்திரிகளும் “மூடுங்கள், மூடுங்கள்” என்று மூக்கைச் சிந்தினார்கள்.

“அன்று திறக்கச் சொன்னதும் நீங்கள்தானே?” என்று ராஜா விழித்தார்.

“வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள், ஐயா,” என்றான் மாசாத்தன்.

“எங்க தெருவுக்கு வாங்கய்யா,” என்றாள் வேம்பாயி. “பாகு கிண்டச் சொல்லித் தர்றேன். அடுப்புதான் எரியல.”

ராஜா புது ஆட்களிடம் திரும்பினார். “நீங்கள் அக்கரையில் எந்த மந்திரியிடம் இந்த வேலையைப் பழகினீர்கள்?”

“மந்திரியா? நாங்க உப்பளத்து ஆளுங்க சாமி,” என்றான் ஒருவன். “உங்க ஊரு உப்பு மலிவா வந்து எங்க பாத்தியெல்லாம் காஞ்சு கெடக்கு. சிட்டிகை போடறத நேத்து ராத்திரி படகுலதான் இவரு சொல்லிக் குடுத்தாரு.”

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று நெடுமொழியார் மடியில் விழுந்தது. சிரித்து முடித்ததும் வேம்பாயியின் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது அவருக்கு.

ஆலைத்தெருவை யாரும் தொடவில்லை. கிடங்கு நெடுமொழியாரின் மாந்தோப்பில் எழும்பியது. சாவடியை மூடவில்லை. ஆனால் அங்கே மறுபடியும் சுங்கம் வாங்கி, இக்கரையில் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். அக்கரை ராஜாவும் உப்புக்கு அப்படியே செய்தார். மாசாத்தனுக்குப் பட்டும் முத்துமாலையும் கிடைத்தன. வேம்பாயியின் அடுப்பு எரிந்தது. முதல் பாகில் அரண்மனைக்குப் பொங்கல் வந்தது.

நெடுமொழியாரா? இப்போதெல்லாம் ராஜா வாயைத் திறக்கக்கூட வேண்டாம், மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுத்தாலே போதும், சிட்டிகை போட்டு விடுகிறார்.