சேறு பூசிக்கொண்ட மான்

கல்லுக்குளத்தின் கரையில் ஒரு புள்ளிமானும் ஒரு காட்டுப்பன்றியும் கம்பு சுற்றிப் பழகிக்கொண்டிருந்தன. மான் எப்படிக் கம்பு பிடிக்கும் என்று கேட்காதீர்கள். வாயால்தான் பிடித்தது. பன்றியும் அப்படித்தான். இரண்டுக்கும் கழுத்து விட்டுப்போகிற அளவு வலி இருந்தது. இருந்தும் விடவில்லை.

இது பொழுதுபோக்கு அல்ல. கோடையில் அந்தக் காட்டில் வற்றாத தண்ணீர் கல்லுக்குளம் ஒன்றில்தான் உண்டு. சுற்றிலும் செங்குத்தான பாறை. உள்ளே இறங்க இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரே ஓர் இடுக்கு. போன கோடையில் செந்நாய்கள் அந்த இடுக்கு வழியாக நுழைந்து மானின் தங்கையைக் கொண்டுபோய்விட்டன. தங்கையின் குட்டி இப்போது மானிடம்தான் வளர்கிறது.

"இந்தக் கோடையில பாறை இடுக்குல நான்தான் காவல் நிப்பேன்" என்று மான் சொல்லியிருந்தது. அது பெண்மான். தலையில் கொம்பு கிடையாது. அதனால்தான் கம்பு.

கற்றுக்கொடுத்தது ஒரு கீரி. பாம்புகளோடு சண்டை போட்டுப் பழகிய உடம்பு. அதன் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பின் நுனியைக் குழைத்த வெள்ளை மண்ணில் தோய்த்துக்கொண்டுதான் மோத வேண்டும். அடி பட்ட இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும். சாயங்காலம் கீரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பொட்டுகளை எண்ணும். கோடை தொடங்கும்போது யார் உடம்பில் பொட்டு குறைவோ, அவர்தான் இடுக்கில் முதல் காவல்.

முதல் நாள் பன்றியின் கம்பு மானின் வலது தொடையில் மூன்று முறை பட்டது. நன்றாகவே பட்டது. மானுக்கு வலித்தது.

சாயங்காலம் எண்ணிக்கை நடந்தது. பன்றியின் கறுத்த உடம்பில் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

"பதினொண்ணு" என்றது கீரி.

வேடிக்கை பார்த்த முயல்கள் சிரித்தன. பிறகு கீரி மானைச் சுற்றி வந்தது. மானின் உடம்பெல்லாம் பிறந்ததிலிருந்தே வெள்ளைப் புள்ளிகள். அதற்குள் மூன்று பொட்டுகளை எங்கே போய்த் தேடுவது?

"ஒண்ணுமே இல்லையே!" என்றது கீரி.

மான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் முயல்கள், "அக்கா மேல ஒரு அடிகூடப் படலை!" என்று குதித்தன. தங்கையின் குட்டி பெருமையோடு நிமிர்ந்து பார்த்தது. மான் வாயை மூடிக்கொண்டது.

மறுநாளும் அடி பட்டது. மறுநாளும் மூடிக்கொண்டது. மூன்றாம் நாளிலிருந்து அதற்கு வெட்கம்கூடத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அடி, அடியே இல்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டது. நல்ல காரியத்துக்காகத்தானே காவல் கேட்கிறோம் என்று வேறு ஒரு சமாதானம். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்வதில் மானுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒருநாள் பன்றி கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டது.

"அக்கா, உன் தொடையில பட்ட மாதிரி இருந்துச்சே?"

"உனக்கு அப்படித் தோணியிருக்கும்."

"அப்படியா? அப்ப என் வீச்சு எட்டலைபோல."

பாவம் பன்றி, அதை நம்பிவிட்டது. வீச்சு எட்டவேண்டும் என்று அன்றிலிருந்து தினமும் நூறு முறை கூடுதலாக வீசிப் பழகியது. அதுமட்டும் அல்ல. குளிப்பதற்கு முன்னால் குளத்து நீரில் தன் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

"இடது தோள்ல நாலு. திரும்பும்போது தலை முந்துது, கால் பின்னாடி நிக்குது. அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். காலை மாற்றி வைத்துத் திரும்பிப் பார்க்கும். மறுபடி திரும்பும். பிறகுதான் தண்ணீரில் இறங்கும். முயல்கள் சிரித்ததை அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பதினொன்று ஏழாயிற்று. ஏழு நான்காயிற்று. கோடை தொடங்கிய அன்று பன்றியின் மேல் ஒரே ஒரு பொட்டுதான் இருந்தது.

கீரி மானைப் பார்த்தது. "உண்மையிலேயே உன்மேல ஒரு அடியும் படலையா?"

"படலை ஆசானே."

"சரி. நீ இடுக்குல நில்லு. பன்றி உனக்குப் பின்னாடி நிக்கட்டும்."

காவல் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் மேட்டிலிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. செந்நாய்கள் அப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிடும். குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயல்களும் குட்டியும் கரையோரம் ஒடுங்கின. ஓட வேறு வழி இல்லை.

மான் கம்பைக் கவ்விக்கொண்டு இடுக்கில் நின்றது. முதல் நாயைத் தட்டிவிட்டது. இரண்டாவது நாயைத் தட்டத் திரும்பியது. தலைவன் நாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"திரும்பும்போது வலது பக்கம் திறக்குது பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே பாய்ந்து மானின் வலது தொடையைக் கவ்வியது. பன்றியின் கம்பு தினமும் பட்ட அதே இடம்.

மான் விழுந்தது. கம்பு உருண்டது. ஒரு நாய் மானைத் தாண்டிக் குட்டியை நோக்கி ஓடியது. குட்டி, "பெரியம்மா!" என்று அலறியது.

பன்றி குறுக்கே வந்தது. தலையும் காலும் ஒன்றாகத் திரும்பின. ஒரே வீச்சில் ஓடிய நாய் சுருண்டது. அடுத்த வீச்சில் தலைவனின் பிடி விட்டது. மான் நொண்டிக்கொண்டே எழுந்து, கம்பைக் கவ்விப் பன்றிக்குப் பக்கத்தில் நின்றது. இருவரையும் பார்த்துவிட்டு நாய்கள் பின்வாங்கின.

"இன்னும் அஞ்சு நாள்ல வருவோம். அந்த மான் நின்னா எங்களுக்குச் சௌகரியம்" என்று சொல்லிவிட்டுப் போனது தலைவன்.

எல்லாரும் பன்றியைச் சுற்றி நின்றார்கள். மான் கீரியின் முன்னால் வந்து நின்றது.

"ஆசானே, நான் பொய் சொன்னேன். முதல் நாள்லேர்ந்தே என்மேல அடி பட்டுச்சு. என் புள்ளியில அது தெரியலை. நானும் சொல்லலை."

பன்றி மெதுவாகக் கேட்டது. "அப்ப என் வீச்சு எட்டுச்சா?"

"தினமும் எட்டுச்சு."

பன்றிக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. மூக்கால் மண்ணைக் கிளறித் தள்ளியது. பிறகு, "நாளைக்கு வா அக்கா. எங்கெங்க பட்டுச்சுன்னு காட்டறேன்" என்றது.

"குட்டி செத்திருக்கும். உனக்கு இன்னும் காவல் வேணுமா?" என்று கேட்டது கீரி.

"காவல் தர்றதும் தராததும் உங்க இஷ்டம். எனக்குக் கத்துக்கணும்" என்றது மான்.

மறுநாள் காலை மான் நேராகக் குளத்தோரத்தில் பன்றி புரளும் சேற்றுக்குழிக்குப் போனது. ஒரு தூசு பட்டாலே உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிற மான், கறுப்புச் சேற்றில் விழுந்து புரண்டது. ஒரு புள்ளி வெளியே தெரியாதபடி புரண்டுவிட்டு, காயம் எரிய எரிய வகுப்புக்கு வந்தது.

அன்று சாயங்காலம் வரிசையில் முதல் ஆளாக நின்று, "எண்ணுங்க ஆசானே" என்றது.

"இருபத்தாறு."

முயல்கள் சிரிக்கவில்லை. குட்டி மட்டும் பயத்தோடு, "பெரியம்மா, இவ்வளவு பொட்டா?" என்று கேட்டது.

"இத்தனை நாளும் இருந்ததுதான் கண்ணு. நாளைக்குக் குறையும்."

அது குளத்து நீரில் தன் தொடையைப் பார்த்தது. வலது பக்கம் மட்டும் பதினான்கு. இருட்டும்வரை வலது காலை எடுத்து வைத்துத் திரும்பிக்கொண்டே இருந்தது. பன்றி எதிரில் நின்று, "இன்னும் திறக்குது. இன்னும் திறக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் பதினேழு. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் தொடையில் ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்குக் கீரி எண்ணி முடித்ததும், "நாளைக்கு நீயே முன்னால நில்லு" என்றது.

ஐந்தாம் நாள் நாய்கள் வந்தன. தலைவன் மானைப் பார்த்ததும் சந்தோஷமாக வலது பக்கம் பாய்ந்தது. மானின் கால் அதற்கு முன்பே நகர்ந்திருந்தது. கம்பு நாயின் மூக்கில் இறங்கியது. கூடவே பன்றியின் கம்பும் இறங்க, மற்ற நாய்கள் தலைவனுக்குக்கூடக் காத்திராமல் மேடேறி ஓடின.

"அந்தப் பக்கம் திறந்துதானே இருந்துச்சு?" என்று முனகியது தலைவன்.

மான் பதில் சொல்லவில்லை. அதன் வாயில் கம்பு இருந்தது.

பட்ட அடியை மறைப்பவர் அடுத்த அடிக்கும் அதே இடத்தைத் திறந்து வைக்கிறார். பட்டது என்று ஒப்புக்கொண்டு உழைப்பவரே அந்த இடத்தைக் காத்துக்கொள்ளக் கற்கிறார்.