கழுவாத தட்டு

கடலோரத்தில் இருந்த ஒரு சோதனைச்சாலையில் இரண்டு தட்டுகள் வாழ்ந்தன.

ஒன்று வேலைத் தட்டு. மண்ணோ தண்ணீரோ சாம்பலோ, சோதிக்க எது வந்தாலும் அதன் முதுகில்தான் ஏறும். ஒவ்வொரு முறையும் அதை அமிலம் ஊற்றித் தேய்த்துக் கழுவுவார்கள்.

மற்றது வெறும் தட்டு. அதில் எதையும் வைப்பதில்லை. தினமும் காலையில் அதை மட்டும் கதிர் எண்ணும் கருவிக்குள் வைப்பார்கள். வரும் எண்ணை 'ஒன்றுமில்லாதபோது இவ்வளவு' என்று எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கு வரும் எல்லா எண்ணிலிருந்தும் அதைக் கழிப்பார்கள். எதுவும் வைக்காத தட்டு என்பதால் அதை யாரும் கழுவியதே இல்லை.

எங்கோ தொலைவில் ஓர் அணுகுண்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் சாம்பல் காற்றிலேறி வந்து இந்தக் கரையில் மழையோடு இறங்கியது. மூன்று நாள் கழித்து ஒரே ஒரு துகள் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து வெறும் தட்டின் மேல் உட்கார்ந்தது.

"எழுந்து போ. நான் சுத்தமானவன்" என்றது வெறும் தட்டு.

"தெரியும். அதனால்தான் இங்கே வந்தேன். உன்மேல் என்னை யாரும் தேடமாட்டார்கள்."

மறுநாள் காலையில் கருவி எண்ணியது. வழக்கமாக இருபது வரும். அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. கருவியே திடுக்கிட்டது.

அளப்பவர் நல்லபெருமாள் அதன் தலையில் தட்டினார். "ஈரக்காத்து. சளி பிடிச்சிருக்கு இதுக்கு" என்று சொல்லி, அந்த எண்ணையே எழுதிக்கொண்டார்.

அப்போது பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து அமலோற்பவம் ஒரு குடுவையில் தண்ணீர் கொண்டுவந்தாள். சாம்பல் மழைக்குப் பிறகு குப்பத்துத் தொட்டியைப் பூட்டி நான்கு நாளாகிறது. அவள் சொல்லுக்காகச் சனம் காத்திருந்தது. மகள் பிலோமிக்கு ஆறு மாதக் குழந்தை.

தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சிய படிவை வேலைத் தட்டில் வைத்தார்கள். வேலைத் தட்டுக்கு முதுகு எரிந்தது. கருவி இருநூற்றுப் பதினைந்து என்றது. நல்லபெருமாள் அதிலிருந்து காலையில் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டைக் கழித்தார். மூன்று.

"ஒண்ணுமில்லம்மா. தைரியமாத் திறங்க."

வேலைத் தட்டு பதறியது. "அண்ணே, உன்மேல் இருப்பதைச் சொல்லிவிடு. பச்சைக் குழந்தை குடிக்கப் போகிற தண்ணீர்!"

"நான் அழுக்கு என்று நானே சொல்லவா? இத்தனை வருஷம் என்னை வைத்துத்தானடா உன்னை அளந்தார்கள்."

"கருவியே, நீயாவது சொல்லேன்!"

"காலையிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு என்று கத்தினேன். சளி என்றார். எண்ணைத் தவிர எனக்கு வேறு பேச்சு வராது."

புறப்பட்ட அமலோற்பவம் அலமாரியில் தூசி படிந்திருந்த வெறும் தட்டைப் பார்த்து நின்றாள். "ஏன்யா, அந்தத் தட்டை மட்டும் கழுவவே மாட்டேங்கிறீங்க?"

"அதுல எதையும் வைக்கிறதில்லம்மா. எதுக்குக் கழுவணும்?"

"எங்க வீட்டுல புழங்காத பாத்திரத்தைத்தான் மொதல்ல கழுவுவோம். தூசி அடைஞ்சு கிடக்குமே."

நல்லபெருமாள் சிரித்துவிட்டார். "இது சோதனைச்சாலைம்மா, உங்க அடுப்படி இல்ல."

அவள் முகம் சிறுத்துப்போனது. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனை எடுத்தாள்.

வேலைத் தட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. மேசை விளிம்புக்கு நகர்ந்து, நகர்ந்து, கீழே விழுந்தது. தரை அதிர்ந்தது. அமலோற்பவத்தின் விரல் போன் மேல் அப்படியே நின்றது.

"பயப்படாதீங்கம்மா. எப்பவும் இதோட ரோதனைதான்" என்றார் நல்லபெருமாள்.

அவள் விரல் அழுத்தியது. "பிலோமி, தொட்டியைத் திறக்கச் சொல்லு. பிள்ளைக்கு ரெண்டு குடம் பிடிச்சு வையி."

நல்லபெருமாள் வேலைத் தட்டைப் பொறுக்கிக்கொண்டு போய், இன்னொரு முறை நன்றாகக் கழுவினார்.