சேத்துல இறங்காத வெள்ளை ஷூ

டேய் இனியா, காலை ஆட்டாதே, கட்டிலே ஆடுது. நாளைக்கு மலைக்கு நடக்கப் போறோம், தூறுனாலும் போறோம், போதுமா? அத்தை ஒரு கதை சொல்றேன், ‘ம்’ கொட்டு. கொட்டலைன்னா நிறுத்திப்புடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு மாமா, பேரு குழந்தைவேலு. பொண்டாட்டி தவறிப் போனதுலேருந்து வாசப்படி தாண்டாத மனுசன். அப்போ வெளியூர்ல வேலை பாக்குற அவரு மக பூங்கொடி, வெள்ளை வெளேர்னு ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்புனா. ‘அப்பா, இதைப் போட்டுக்கிட்டு அருவிக்கு நடந்து போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க’ன்னா. மக சொன்னா மாமாவுக்கு வேதவாக்கு. ‘ம்’ எங்கே?

அப்புறம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை, மாமாவோட தங்கச்சி ருக்மணி, அவ மக மயூரி, அக்கம்பக்கத்துக் குடும்பம் நாலு, எல்லாரும் மாமாவையும் கூட்டிக்கிட்டு ஒட்டுக்கா மலை மேல இருக்குற அருவிக்குக் கெளம்புனாங்க. சின்னப் புள்ளையும் நடக்குற வழிதான். ஆனா ஒரே சேறு. சளக் சளக், சளக் சளக். அட்டை ஏறாம இருக்க காலெல்லாம் சோப்பைத் தேச்சிருந்தாங்க. ருக்மணி ஒரு சட்டம் போட்டா. ‘யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது. ஒருத்தர் திரும்புனா எல்லாரும் திரும்பணும்.’

மயூரிக்கு உன்னாட்டமே கால்ல சக்கரம். மேகம் வேற மளமளன்னு எறங்குது. அது மூடிக்கிச்சுன்னா அருவி தெரியாது, போட்டோவும் கிடையாது.

அப்போ மொத சேறு வந்துச்சு. எல்லாரும் நடுவால பொதக் பொதக்னு போயிட்டாங்க. மாமா மட்டும், ஷூ அழுக்காயிரும்னு ஓரமாப் போனாரு. முள்ளு இழுத்து, டர்ர்ருன்னு வேட்டி கிழிஞ்சுது. வேட்டிக்கு ஷூவான்னு சிரிக்காதே.

‘மாமா, வெசையா வாங்க’ன்னா மயூரி.

‘வர்றேன் அம்மிணி’ன்னாரு.

அப்புறம் ரெண்டாவது சேறு. கல்லு கல்லாத் தாவுனாரு. ஒரு கல்லு உருண்டுச்சு, தொபுக்குன்னு உக்காந்தாரு. கால் ரெண்டையும் ஆகாசத்துல தூக்கிப் புடிச்சிருக்காரு. ஆளு முழுக்கச் சேறு, ஷூ மட்டும் வெள்ளை. என்ன மனுசனோ போ.

மயூரி முன்னால ஓடுறா, திரும்பி வர்றா, மறுபடி ஓடுறா. மேகம் பாதி மலையை முழுங்கிருச்சு.

மூணாவது சேறு பெருசு. மாமா கரை மேல ஏறுனாரு. கரை சரசரன்னு சரிஞ்சுது. வேரைப் புடிச்சுத் தொங்குனவரை நாலு பேரு சேந்து இறக்குனாங்க.

‘போதும் ருக்கு, நான் திரும்புறேன்.’

‘அப்ப எல்லாரும் திரும்பணும்ணா’ன்னா ருக்மணி. அவளுக்கு அழுகை வந்துருச்சு.

தூங்கிட்டியா? இல்லையா, சரி.

மயூரிக்குப் பொறுக்கலை. குடுகுடுன்னு ஓடிச் சேத்து நடுவுல நின்னு தங்கு தங்குன்னு மிதிச்சா. ‘பாருங்க மாமா, எல்லாரும் மிதிச்சு மிதிச்சு நடுவுல அடியில கெட்டியா இருக்கு. ஓரந்தான் சறுக்குது. ஷூவைப் பாக்காதீங்க, என்னைப் பாத்து வாங்க.’

மாமா அவ கையைப் புடிச்சு இறங்குனாரு. பொதக், ஒரு ஷூ முழுகிப் போச்சு. பொதக், இன்னொண்ணும் போச்சு. அதுக்கப்புறம் மனுசனுக்குப் பயமே இல்லை. சளக் சளக், சளக் சளக்னு முன்னால போறாரு, மயூரி பின்னால ஓடுறா.

அருவிகிட்ட வந்தப்போ மேகம் மூடப் பாக்குது. ‘ஷூ தெரியாம, காலை விட்டுட்டு எடு அம்மிணி’ன்னாரு மாமா. அவளுக்கு ஏது பொறுமை? தலையிலேருந்து கால் வரைக்கும் எடுத்துப்புட்டா. அப்பவே மேகம் மூடிருச்சு.

சாயங்காலம் போட்டோ போய்ச் சேந்துது. உடனே பூங்கொடி போன்ல கூப்புட்டா. மாமா முந்திக்கிட்டாரு.

‘ஷூ பாழாப் போச்சு கண்ணு. தொவைச்சுடறேன்.’

அவ அழறா. ‘அது வெள்ளையா இருந்திருந்தா, கார்ல போய் இறங்குனீங்கன்னு நெனச்சிருப்பேன்ப்பா. நெசமாவே நடந்தீங்களா?’

‘நடந்தேன் கண்ணு’ன்னாரு மாமா.

கதை வீடு வந்து சேந்துருச்சு. காலை நீட்டு, கண்ணை மூடு.