கேட்டால் சரியாகச் சொல்கிறது

"மேடம், இது என்னை ஏமாத்துது" என்றபடி பர்வீனின் அறைக்குள் நுழைந்தான் தணிகைவேல். உட்காரவில்லை.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிக்கு புரோகிராம் எழுதியவன் அவன். அவனுக்குத் தொழில் பழக்குபவள் பர்வீன்.

காலையில் சோதித்தபோது பெட்டி கொதித்துவிட்டது. உள்ளே கிடத்தியிருந்த பொம்மையின் கன்னம் இளகிப்போயிருந்தது. அலாரம் மூச்சுவிடவில்லை. பெட்டியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேனும் வந்து நிற்கிறது.

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"புரோகிராமை டீபக்கர்ல போட்டு, ஓடறப்பவே அங்கங்க நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். 'சூட்டை அளந்து சொல்'னு கட்டளை தட்டினா, பட்டுனு சரியாச் சொல்லுது. அப்புறம் ஓடவிட்டா அலாரமும் அடிக்குது."

"தட்டாம ஓடவிட்டா?"

"அடிக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு இடத்துல நிறுத்திக் கேக்கறேன் மேடம். வேற மாதிரியும் கேட்டுப் பார்க்கறேன்."

அவன் விரல்கள் மேசை விளிம்பிலேயே தட்டிக்கொண்டிருந்தன.

"இதுவரைக்கும் தப்பா ஒரு பதில்கூடச் சொல்லல மேடம். பேசாம அனுப்பிடலாமா?"

பர்வீன் எழுந்து வாசலுக்கு நடந்தாள். அவனும் பின்னாலேயே ஓடினான்.

வேனுக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார் டிரைவர் செபஸ்தியான்.

"அவர் தூங்கறாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"இப்ப இதுக்கா மேடம் நேரம்?"

"கேளுங்க."

தணிகைவேல் எரிச்சலோடு வேனின் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணே, தூங்கறீங்களா?"

செபஸ்தியான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கன்னத்தில் ஸ்டியரிங்கின் தடம் பதிந்திருந்தது.

"இல்லையே தம்பி! முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"தூங்கலையாம் மேட..." என்று திரும்பியவன் பாதியில் நின்றான்.

கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்த விரல்களும் நின்றன.

"நான் எழுப்பினதாலதான் அவர் முழிச்சார். அதே மாதிரி, நான் அளக்கச் சொன்னதாலதான் பெட்டியும் அளந்திருக்கு" என்றான் மெல்ல.

"நீங்க சொல்லாதப்ப?"

தணிகைவேலுக்கு அந்தப் பொம்மையின் இடத்தில் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. வேனின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க கிளம்புங்க. பெட்டி இன்னைக்கு வராது."