முள் நட்சத்திரத்துக்குப் போன சிரட்டை

ஆம்பல் குளத்தின் கரையில் கோணவாயன் என்ற தேரை இருந்தது. அதற்குப் பாடத் தெரியாது. நீச்சலும் சுமார்தான். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் குடிக்க வந்த பிராணிகள் குடிக்க மறந்து நின்றன.

அது சொன்னது ஒரே ஒரு கதைதான். ஒரு தவளை தேங்காய்ச் சிரட்டையில் ஏறி விண்வெளிக்குப் போன கதை. சிரட்டை எப்படிப் பறக்கும் என்கிறீர்களா? எருமை விடும் ஏப்பத்தால்! ஒரு வயல் கொள்ளுச் செடியை மேய்ந்து முடித்த எருமையின் வாய்க்கு நேரே சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எருமை ஓர் ஏப்பம் விட்டால் போதும், சிரட்டை நிலாவில் போய் இறங்கும். திரும்பி வருவதற்கு இன்னோர் ஏப்பத்தைச் சுரைக்குடுக்கையில் அடைத்து எடுத்துப் போக வேண்டும்.

தவளை நிலாவுக்குப் போய்ச் சேர்ந்த நாள் அமாவாசை. நிலா பூட்டிக் கிடந்தது. பௌர்ணமிக்கு வரச் சொல்லிக் காவல்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். சரி என்று பக்கத்து நட்சத்திரத்துக்குப் போனால், அங்கே எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் நிற்பவரைக் கேட்கலாம் என்று தவளை நடையாய் நடந்தது. கடைசியில்தான் தெரிந்தது, வரிசை நட்சத்திரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் வாலோடு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று.

இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்த கூட்டத்தில் எப்போதும் முன்வரிசையில் இருந்தது சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. சிலுப்பனுக்குக் கூட்டாளிகள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் குத்துமே! அதனால் கேட்க வந்த எல்லோரும் நாலடி தள்ளியே உட்காருவார்கள். கதை நடக்கும் நேரத்தில் மட்டும் அது தனியாக இல்லை. சிரிப்பு வந்தால் அதன் முட்கள் கலகலவென்று ஆடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் கோணவாயனுக்கும் உற்சாகம் பிறக்கும்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோணவாயன் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தும். மீதியைக் கூட்டம் முந்திக்கொண்டு சொல்லும். முதலில் சொல்வது பெரும்பாலும் சிலுப்பன்தான். வழியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டாலும் கதை வரிதான் வணக்கம். ஒன்று, "ஏப்பம் இருக்கா?" என்று கேட்கும். மற்றது, "எருமை இருக்கு!" என்று பதில் சொல்லும். கீரியும் பாம்பும்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடையில் கோணவாயனுக்குப் போதாத காலம் வந்தது. வண்டு என்று நினைத்து ஒரு குளவியை விழுங்கிவிட்டது. அது தொண்டைக்குள் கொட்டிவிட்டது. வீக்கம் வடிந்தது. குரல் மட்டும் திரும்பி வரவில்லை. கதையும் நின்றது. பிராணிகள் வந்தன, தண்ணீர் குடித்தன, போயின.

கோணவாயனுக்குக் குரல் போனதுகூடப் பெரிய துக்கமில்லை. சிலுப்பனின் சிரிப்பை இனி கேட்க முடியாதே என்பதுதான் அதன் நெஞ்சை அறுத்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்த முட்கள் கலகலப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று அது ஆசைப்பட்டது.

குளக்கரை நாணலில் நூலாயி என்ற சிலந்தி குடியிருந்தது. கோணவாயன் அதனிடம் போய், ஈர மண்ணில் காலால் சிரட்டை ஒன்றை வரைந்தது. பிறகு நூலாயியின் வலையைக் காட்டியது. நூலாயிக்குச் சட்டென்று புரிந்தது. வலையை நெருக்கமாக நெய்து திரையாக்கலாம். பின்னால் மின்மினிகளை நிறுத்தலாம். கம்பளிப்பூச்சிகளை விட்டு இலைகளை உருவங்களாகக் கடிக்கச் செய்து ஆட்டினால் திரையில் நிழல் விழும். குரலுக்கு மைனா இருக்கிறது. கதையையே படமாகக் காட்டிவிடலாம்!

வேலை நடந்துகொண்டிருந்தபோது கோணவாயன் மண்ணில் புதிதாக ஒன்றை வரைந்தது. அதுவரை கதையில் இல்லாத ஒரு நட்சத்திரம். முழுக்க முழுக்க முள். அதில் முள்ளுடம்போடு ஒரே ஓர் ஆள். குத்தும் என்று பயந்து அவரைப் பார்க்க யாரும் போவதில்லை. தவளையின் சிரட்டை அங்கே இறங்குகிறது.

இது யார் என்று நூலாயி கேட்டது. கோணவாயன் சிலுப்பனின் வளை இருந்த திசையைக் காட்டியது. பிறகு வாயின் மேல் காலை வைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

"முடிவு என்ன, அண்ணே?" என்று நூலாயி கேட்டது.

கோணவாயன் அதை வரையவில்லை. முள் ஆளின் இலை உருவத்தை வாயில் கவ்விக்கொண்டு, கோணலாக ஒரு சிரிப்புச் சிரித்தது. அந்த இடத்தைத் தானே ஆட்டிக் காட்டப் போகிறதாம்.

நூலாயி கதையைப் படமாகக் காட்டப் போகிறது என்ற சேதி காடெங்கும் பரவியது. படம் தொடங்கும் முன்பே சண்டை தொடங்கியது. கோணவாயனின் குரல் இல்லாமல் அது என்ன கதை என்று சிலுப்பன் கேட்டது. பார்த்துவிட்டுப் பேசலாமே என்றது அணில். காகம் மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அந்தி சாய்ந்ததும் மின்மினிகள் ஒளிர்ந்தன. திரையில் எருமை வந்தது. கதையை முன்பு கேட்டிராத அணில் குஞ்சுகள் எருமையின் ஏப்பத்துக்கே உருண்டு சிரித்தன. பெரியவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். சிரட்டை சிரட்டை மாதிரியே இல்லை, கவிழ்த்த உரல் மாதிரி இருக்கிறது என்றது காகம். மைனாவின் குரல் தேன்போல இருக்கிறது என்று கொக்கு மெச்சியது. தேன் யாருக்கு வேண்டும், கோணவாயனின் கரகரப்பு எங்கே என்று கீரி முனகியது. நிலாக் காவல்காரர் வந்தபோது எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சிலுப்பனின் முட்கள் சேரவில்லை.

சிலுப்பன் பழைய வழக்கத்தை விடவில்லை. மைனா வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தது. கோணவாயன் என்றால் அதற்காக நிறுத்திக் காத்திருக்கும். மைனாவுக்கு அது தெரியாது. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. படம் பார்க்க வந்ததா, பிழை பிடிக்க வந்ததா என்று சிலுப்பனுக்கே தெரியவில்லை.

வரிசை நட்சத்திரம் முடிந்தது. சிலுப்பன் அடுத்த வரியைச் சொன்னது: "தவளை குடுக்கையைத் திறந்து வீட்டுக்குத் திரும்பியது!"

தவளை திரும்பவில்லை. சிரட்டை இன்னொரு நட்சத்திரத்தை நோக்கிப் போனது. திரை முழுக்க முட்கள் எழுந்தன. நடுவில் ஒற்றையாக ஒரு நிழல்.

"இது கதையில இல்ல!" என்று சிலுப்பன் கத்தியது. "எவன் சேர்த்தது இது? நிறுத்துங்க!"

அணில் குஞ்சுகள் சும்மா இருக்கச் சொல்லிக் கெஞ்சின. சிலுப்பன் கேட்கவில்லை. கோபத்தில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு திரைக்கு நேரே போய் நின்றது. நின்றதோடு விடாமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. முதுகு முட்கள் வலையில் மாட்டின. இழுத்ததும் திரை மேலிருந்து கீழே கிழிந்தது. மின்மினிகள் பயந்து கலைந்தன. அதன்பிறகு இருட்டில் ஒருவரை ஒருவர் திட்டும் சத்தம்தான் கேட்டது.

கிழிந்த திரைக்குப் பின்னால் கோணவாயன் இலை உருவத்தை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து குளக்கரை இரண்டுபட்டது. படம் நன்றாக இருந்தது என்றவர்கள் கிழக்குக் கரையில் தண்ணீர் குடித்தார்கள். கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றவர்கள் மேற்குக் கரைக்குப் போனார்கள். "ஏப்பம் இருக்கா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சிரிப்புக் கதைக்காக இப்படிச் சிரிப்பை மறந்த கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

சிலுப்பன் கோணவாயனைப் பார்க்கப் போனது. பெருமையாகத்தான் போனது.

"அண்ணே, உங்க கதையில கண்டவங்க கைவைக்க நான் விட்டுருவேனா? உங்களுக்காக ஒத்தையா நின்னு அந்தத் திரையையே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றது.

கோணவாயன் அதை வெகுநேரம் பார்த்தது. வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது. பிறகு அந்தக் கோணல் சிரிப்பைச் சிரித்துவிட்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அண்ணன் நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிலுப்பன் நிறைந்த மனதோடு வளைக்குத் திரும்பியது. பாவம், அதற்கு வேறென்ன நினைக்கத் தெரியும்!

கோடை முடிந்து முதல் மழை பெய்தது. மண்ணுக்குள் உறங்கிய தேரைகள் எல்லாம் மேலே வந்தன. கோணவாயன் வரவில்லை. இரண்டு கரையிலிருந்தும் பிராணிகள் வந்து நனைந்துகொண்டே காத்திருந்தன. அடுத்த மழைக்கும் அது வரவில்லை. இனி வராது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சிலுப்பனுக்குத் துக்கம் தாங்கவில்லை. அந்தத் துக்கம் கோபமாக மாறி நூலாயியின் மேல் பாய்ந்தது. நாணலடிக்குப் போய்க் கத்தியது.

"உன்னாலதான் அவரு மனசொடிஞ்சு போயிட்டாரு! இல்லாத நட்சத்திரத்தை யாரு உன்னைச் சேர்க்கச் சொன்னா?"

நூலாயி உள்ளே போய் ஒரு காய்ந்த இலையை இழுத்து வந்து கீழே போட்டது. கோணவாயன் மண்ணுக்குள் போன அன்று அந்த இடத்தில் கிடந்த இலை அது. ஓரமெல்லாம் முள் முள்ளாகக் கடித்திருந்தது. இடதுபக்கம் ஒரு முள் மட்டும் பாதியில் ஒடிந்திருந்தது. சிலுப்பனின் இடதுபக்க முள் ஒன்றும் அப்படித்தான் ஒடிந்திருக்கும். அதைக் கவனிக்கும் அளவுக்கு அதன் அருகே வந்து உட்கார்ந்தவர் கோணவாயன் ஒருவர்தான்.

"அவருதான் சேர்த்தாரு" என்றது நூலாயி. "உனக்காகச் சேர்த்தாரு. நீ சிரிக்கிறதைக் கேக்கணும்னு ஆசைப்பட்டாரு. சொல்லாதேன்னுட்டாரு, அதான் சொல்லல."

சிலுப்பன் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, "அந்த முள்ளாளு கடைசியில என்ன ஆனான்?" என்று கேட்டது.

"எனக்குத் தெரியாது. அந்த இடத்தைத் தானே ஆட்டுவேன்னு வச்சிருந்தாரு. நீ அதுக்குள்ள கிழிச்சுட்டே."

அதற்குப் பிறகு குளக்கரையில் சண்டை ஓய்ந்தது. சண்டை போடத்தான் எதுவும் மிச்சமில்லையே! அணில் குஞ்சுகள் மட்டும் சிலுப்பனைக் கண்டால் விடுவதில்லை. அந்த நட்சத்திரத்தில் தவளை இறங்கியதும் என்ன நடந்தது என்று கேட்கும். பழைய வரிகள் ஒவ்வொன்றும் சிலுப்பனுக்கு மனப்பாடம். இந்த ஒரு வரி மட்டும் தெரியாது. தவளை அந்த முள்ளாளைச் சிரட்டையில் ஏற்றிக்கொண்டதா? பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னதா? எதை நினைத்தாலும் அது கோணவாயன் சொல்லியிருக்கக்கூடிய முடிவாக அதற்குத் தோன்றவில்லை. மழைக்காலம் வந்தால் குளத்து ஓரம் போய், ஈர மண்ணைப் பார்த்து, "ஏப்பம் இருக்கா, அண்ணே?" என்று கேட்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வரும்.

நமக்குப் பிடித்த ஒன்று நாம் நினைத்தபடி வரவில்லையே என்று பாதியில் கூச்சல் போட்டுக் கெடுக்கிறவர், தமக்கென்றே சொல்ல வந்த சொல்லைக் கேட்காமலே போய்விடுவார்.