எடுத்துவிட்ட வரி

அருளப்பன் வங்கி வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தைந்து வயதில் இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த செல்வநாயகி அவரைவிட வயதில் இளையவள்.

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித்தரும் பக்கம் ஒன்றை அவள் அவரிடம் ஒப்படைத்தாள். அதில் ஒரேயொரு பழைய பிரவுசருக்காக மட்டும் எழுதிய நிரல் வரி ஒன்று இருந்தது. புதுச் சட்டையில் போட்ட ஒட்டுபோல அது அருளப்பனின் கண்ணை உறுத்தியது. 'செத்துப்போன பிரவுசர்தானே' என்று யாரையும் கேட்காமல் அதை எடுத்துவிட்டார். அவருடைய கணினியில் பக்கம் அழகாகத்தான் திறந்தது.

சில வாரம் கழித்து ஒரு கிராம நூலகரிடமிருந்து செல்வநாயகிக்கு போன் வந்தது. பேசி முடித்ததும் அருளப்பனைக் கூப்பிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. ஒரு துட்டி வீட்டுக்குப் போகணும், துக்கம் கேட்க."

"யாரு டீச்சர்?"

அவள் வாசலுக்கு நடந்தாள்.

அந்த வீட்டில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. வைகுண்டம் என்பவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர்.

"அபூர்வமான ரத்தம்னு சொன்னாங்க" என்றார். "நூலகத்துக் கம்ப்யூட்டர்ல தேடினேன். 'தேடு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குன்னாங்க. எனக்குத் தெரியவே இல்ல. வேற ஆள் மூலமா ரத்தம் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிட்டு. எல்லாருக்கும் தெரியுற பட்டன் என் கண்ணுக்கு மட்டும் படலியே."

நூலகத்தில் இருந்தது அந்தப் பழைய பிரவுசர். அருளப்பன் செல்வநாயகியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றார் அருளப்பன். "அந்தப் பட்டன் அங்க தெரியாமத்தான் இருந்திருக்கு. அதைத் தெரிய வைக்கிற வரியை நான்தான் எடுத்துட்டேன்."

வைகுண்டம் அவரையே பார்த்தார். திட்டவில்லை.

"அப்போ என் கண்ணுல கோளாறு இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே பச்சைப்பிள்ளை அழுதது.

திரும்பி வந்ததும் அருளப்பன் அந்த வரியை மறுபடி எழுதினார்.

"இனி யாரும் எடுத்துடாம இருக்க, மேல ஒரு குறிப்பு போட்டுடறேன் டீச்சர். எந்த பிரவுசருக்குன்னு எழுதட்டுமா?"

"எந்த பிரவுசருக்குன்னு இல்ல, யாருக்குன்னு எழுதுங்க" என்றாள் செல்வநாயகி.