காற்றில்லாமல் ஓடிய காற்றாலை

துணைமின் நிலையத்தில் பழுது வந்தால் லைனைத் துண்டித்து, அது எந்தப் பக்கம் என்று காட்டும் புதுப் பாதுகாப்புப் பெட்டி மாட்டியதிலிருந்து, காற்றாலை லைன் மூன்று தரம் ட்ரிப் ஆகிவிட்டது.

"பழுது காற்றாலைப் பக்கம்னு பெட்டி சொல்லுது. பன்னிரண்டு கிலோமீட்டரும் நடந்து கண்டுபிடி, இல்லேன்னா சஸ்பெண்ட்!" என்று குதித்தார் இன்ஜினீயர்.

ஏற்கெனவே இருமுறை நடந்து கால் வீங்கிய லைன்மேன் ஆவுடையப்பன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே இலைகூட அசையவில்லை.

"போறேன் சார். ஆனா லைனை மறுபடி போட்ட பிறகு, இப்பவும் அங்கிருந்து இங்க கரண்ட் வருதுன்னு பெட்டி காட்டுதே. காத்தில்லாதப்ப நம்ம கரண்ட்தானே அங்க போகணும்? காத்தில்லாம எந்தக் காத்தாடி சார் ஓடுது?"

இன்ஜினீயர் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவரே நின்று மாட்டவைத்த ஒயர்கள் முன்பின்னாக மாறியிருந்தன.

"அப்போ பழுது எங்கய்யா?"

"பெட்டி அந்தப் பக்கம்னா, இந்தப் பக்கம் சார்."

கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று, துணைமின் நிலையத்துக்குள்ளேயே இன்ஜினீயர் அறையின் பின்சுவருக்கு அப்பால் விரிசல் விட்டிருந்தது. ஆவுடையப்பன் இருபதடி நடந்து, அப்பாடா என்று உட்கார்ந்தார்.